எந்தக் குறையும் இல்லாத வீடு

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் தன் வாழ்நாளில் யோசிக்காமல் எழுதிய வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். "இந்த வீட்டில் எந்தக் குறையும் இல்லை." அந்த ஒற்றை வாக்கியத்தைக் காப்பாற்றப் புருஷனும் பெண்டாட்டியும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அவர் ஊரிலுள்ள கட்டடங்களுக்குப் போய் லிஃப்ட்டுகளைச் சோதித்து, சரியில்லை என்றால் 'உபயோகிக்கக் கூடாது' என்று பலகை மாட்டிவிட்டு வரும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குடியிருந்ததோ மூன்றாவது மாடி, அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இதைச் சொல்லித் தெருவில் எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று. அவர் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவர். ஊரில் பாதிப் பேரின் விலா எலும்பு அவருக்கு அத்துப்படி. வீட்டில் யாராவது பதற்றப்பட்டால், "மூச்சப் புடிங்க... அசையாதீங்க... விடுங்க" என்பார். மகள் கல்யாணமாகித் தனிக் குடித்தனம் போய்விட்டாள். இனி என்ன என்று கேட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்கிற ஜாதி இல்லை இருவரும். ஒரு வருஷம் உலகத்தைச் சுற்றி வருவது என்று தீர்மானித்தார்கள்.

வழியைக் கண்டுபிடித்தவர் மனைவி. ஹோட்டல் வேண்டாம், வாடகை வேண்டாம். நாலு நாட்டில் நாலு குடும்பம், நாலு வீடு. பருவத்துக்கு ஒருமுறை எல்லோரும் வீடு மாறிக்கொள்வார்கள். நாம் கடலோரத்து வீட்டுக்குப் போவோம், அவர்கள் நம் வீட்டுக்கு வருவார்கள். அடுத்த பருவம் மலையடிவாரம், அதற்கடுத்தது ஏரிக்கரை. வருஷம் முடிகையில் அவரவர் அவரவர் வீட்டில். பூகோளப் பாடத்தில் படித்ததையெல்லாம் நேரில் போய்ச் சரிபார்த்துவிட்டு வரலாம். ஒரே ஒரு சிக்கல், நாலில் ஒரு வீடு சரியில்லை என்று கழன்றாலும் வட்டம் உடைந்துவிடும். யாருமே எங்கேயும் போக முடியாது.

இன்ஸ்பெக்டரின் அக்காவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. போனில் பிடித்துக்கொண்டார்.

"வீட்டைச் சத்திரமாக்கப் போறியாமே."

"சத்திரம் இல்லக்கா. மாத்திக்கறோம்."

"என்ன பேரு வேணா வெச்சுக்கோ. அப்பா வாங்கின வீடு. அதுல முன்ன பின்ன தெரியாதவன் காலை நீட்டிப் படுப்பான். நீ எவன் கட்டில்லயோ போய்ப் படுப்பே. நம்ம குடும்பத்துல யாராவது இப்படிப் பண்ணிருக்காங்களா?"

"இல்லக்கா. நாங்கதான் முதல்."

"பெருமை வேற. சரி, சாவிய யார் கையில குடுப்பே?"

"அதை அப்பப் பாத்துக்கலாம்."

சட்டென்று அப்படிச் சொல்லிவிட்டாரே தவிர, நெருஞ்சி முள்ளாகக் குத்திக்கொண்டிருந்ததே அந்தச் சாவிதான். அந்த வீட்டுச் சாவி இதுவரை வெளியாள் கையில் போனதில்லை. குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்தாலும் அவர் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பார், ஆள் போன பிறகுதான் உட்காருவார். வீடு என்பது சுவரும் கதவும் மட்டுமா? குடும்பத்தின் பெயர் அதற்குள்தானே இருக்கிறது.

வீட்டைப் பற்றிய விவரத்தை மற்ற மூன்று குடும்பங்களுக்கும் அனுப்பிய அன்று, அதை மனைவி வாய்விட்டுப் படித்தார். கடைசி வரியில் நின்றார்.

"ஏங்க, எந்தக் குறையும் இல்லைன்னு எழுதியிருக்கீங்களே. நம்ம வீட்டைப் பத்தியா?"

"பின்ன அடுத்தவன் வீட்டைப் பத்தியா எழுதுவேன்?"

"குளியலறைக் குழாய்?"

"அது குறை இல்ல. பழக்கம்."

"வாசக் கதவு?"

"தூக்கி இழுத்தா திறக்கும்."

"தூக்கி இழுக்கணும்னு அவங்களுக்கு யாரு, ஜோசியக்காரனா சொல்லுவான்?" என்று சொல்லி மனைவி சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சின்னச் சின்னக் குறை இருக்குன்னு மாத்தி எழுதிடலாங்க" என்றார்.

இன்ஸ்பெக்டரின் முதுகு நேரானது. "மூணு நாட்டுல படிச்சாச்சு. எழுதினதை மாத்த மாட்டேன். வீட்டை மாத்தறேன்."

அவர் வம்சத்தில் வாக்குத் தவறியவர் கிடையாது. தவறியிருந்தால் அக்கா இந்நேரம் சொல்லிக் காட்டியிருப்பார். அவர் சொன்னதில்லை, ஆகவே இல்லை.

மறுநாளே செய்தி வந்தது. முதல் பருவத்துக்கு இந்த வீட்டில் தங்க வேண்டிய கடலோரத்துத் தம்பதி எழுதியிருந்தார்கள்: "எங்கள் சித்தி உங்கள் ஊரில்தான் இருக்கிறார். அடுத்த வாரம் வந்து வீட்டைப் பார்ப்பார். அவர் சரி என்றால் எங்களுக்கும் சரி."

அப்போதுதான் வீட்டில் உண்மையான பரபரப்பு தொற்றிக்கொண்டது. மனைவி பயணத்துக்கு வாங்கிய புதுக் காலணியை வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தார். "பழகணும்ல" என்று காரணம் வேறு. சுவரில் உலகப் படம் ஏறியது. சமையலறையில் நின்றபடி, தெரியாத பாஷையில் 'வணக்கம்', 'உப்பு எங்கே', 'இது என்ன விலை' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கணவர் கருவிப் பெட்டியைத் திறந்தார்.

ஆனால் எந்தக் குறையைச் சரிசெய்வது? அத்தனை வருஷம் புழங்கிய வீட்டில் குறை கண்ணுக்கே தெரியாது. இங்கேதான் இன்ஸ்பெக்டரின் தொழில் கைகொடுத்தது. லிஃப்ட்டைச் சோதிக்கப் போனால் அவர் முதலில் இயந்திரத்தைப் பார்க்க மாட்டார். கீழே ஓர் ஓரமாக நின்று, ஏறி இறங்குகிறவர்களைப் பார்ப்பார். ஒருவர் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் பொத்தானில் கோளாறு. காலைச் சற்றுத் தூக்கி வைத்து ஏறினால், லிஃப்ட் தரைமட்டத்துக்கு வந்து நிற்பதில்லை. கதவைக் கையால் தடுத்துப் பிடித்தால் அந்தக் கதவு யாரையோ கடித்திருக்கிறது. கட்டடத்துச் சொந்தக்காரர் ஆயிரம் பொய் சொல்லலாம். அங்கே குடியிருப்பவரின் கைகாலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

ஆகவே கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு மனைவியை நோட்டம் விட்டார்.

"என்னங்க இப்படிப் பாக்கறீங்க? பொண்ணு பாக்க வந்தப்பகூட இப்படிப் பாக்கல."

"நீ உன் வேலையப் பாரு. நான் பாக்கறேன்னு நினைக்காதே."

"இப்படிப் பாத்தா எப்படி நினைக்காம இருக்கறது?"

சற்று நேரத்தில் நினைப்பதை மறந்து மனைவி வேலையில் இறங்க, குறைகள் வரிசைகட்டி வந்தன. ஃபிரிட்ஜ் கதவை முழங்காலால் ஓர் இடி. அடுப்பைப் பற்றவைக்குமுன் அதன் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டு. கூடத்துக்கு விளக்குப் போடப் படுக்கையறைக்கு ஓட்டம், ஏனென்றால் சுவிட்ச் அங்கேதான் இருந்தது. ஏன் அங்கே இருக்கிறது என்று யாரும் இதுவரை கேட்டதில்லை. பிறகு முறை மாறியது. மனைவி உட்கார்ந்தார், கணவர் நடமாடினார்.

"நில்லுங்க. இப்ப எதுக்குக் குனிஞ்சீங்க?"

"யாரு குனிஞ்சா? நான் யாருக்கும் குனியறவன் இல்ல."

"குனிஞ்சீங்க. சமையக்கட்டு வாசல்ல. எக்ஸ்ரே கண்ணு, தப்பாது."

போய்ப் பார்த்தால், அங்கே வாசலுக்கு மேலே ஒரு பலகை நீட்டிக்கொண்டிருந்தது. குடிவந்த புதிதில் ஒருநாள் நெற்றியில் இடித்தது. அன்றிலிருந்து அந்த நிமிர்ந்த மனிதர் தன் சமையலறைக்குத் தினமும் தலைவணங்கிக்கொண்டு வந்திருக்கிறார். மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருக்கும் சிரிப்பு வந்தது, மீசைக்குள் வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்கச் சுத்தியல் சத்தம். வாசல் கதவின் கீலை மாற்றி, அடியைச் சீவி, எண்ணெய் போட்டார். குழாய் எதிர்ப்பக்கம் திருகினால்தான் திறக்கும். அதைப் பிடுங்கிப் புதிது மாட்டினார். ஃபிரிட்ஜுக்குப் புது ரப்பர், அடுப்புக்குப் புதுத் திருகு, கூடத்துச் சுவிட்ச் கூடத்துக்கே. வாசலை மறித்த பலகை எதிர்ச்சுவருக்குக் குடிபெயர்ந்தது. கடைசியில் வீடு மடிப்புக் கலையாத சட்டைபோல நின்றது. எழுதிய வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிட்டது என்று இன்ஸ்பெக்டர் கையைத் துடைத்துக்கொண்டார்.

சித்தி குறித்த நேரத்துக்கு வந்தார். குள்ளமான உருவம், தோளில் பை, கூர்மையான பார்வை, மூக்குக் கண்ணாடி. கணக்கு டீச்சராக இருந்தவராம். பரீட்சைக் கூடத்தில் மேற்பார்வை பார்த்தே பாதி ஆயுள் போனதாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் இதெல்லாம் பிறகு. முதலில் மணி அடித்தது. இன்ஸ்பெக்டர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போய், எப்போதும்போலக் கைப்பிடியைத் தூக்கிப் பலம்கொண்ட மட்டும் இழுத்தார்.

பூப்போலத் திறக்கிற கதவாயிற்றே. பாய்ந்து வந்து அவர் நெற்றியில் படீரென்று மோதியது.

"வாங்க" என்றார், கண்ணில் பொறி பறக்க.

"வரேன்" என்றார் சித்தி. "அடி பலமா?"

"அடியா? எங்க?"

உள்ளே வந்ததும், "கொஞ்சம் வெளிச்சம் இருந்தா நல்லா இருக்கும்" என்றார் சித்தி. சொன்னதுதான் தாமதம், கணவனும் மனைவியும் ஒரே சமயத்தில் படுக்கையறைக்கு ஓடி, வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள். சித்தி திரும்பிப் பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் சுவிட்ச் இருந்தது. போட்டார். விளக்கு எரிந்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் ஒரு பார்வை பார்த்தார்.

சமையலறை வாசலில் இன்ஸ்பெக்டர் வழக்கம்போலக் குனிந்தார். தன்னை மரியாதையாக உள்ளே அழைக்கிறார் என்று நினைத்து, சித்தியும் பதிலுக்குக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தார். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறந்து காட்டி, முழங்காலால் ஓர் இடி இடித்து மூடினார். உள்ளே பாட்டில்கள் எல்லாம் கோயில் மணிபோல ஒலித்தன. அடுப்பைக் காட்டும்போது, பாவம், கை தானாகப் போய் அதன் இடுப்பில் ஒரு தட்டுத் தட்டியது. குளியலறையில் இன்ஸ்பெக்டர் குழாயைப் பழைய பக்கமாகத் திருகு திருகென்று திருகினார். முகம் சிவந்தது, நரம்பு புடைத்தது, தண்ணீர் வரவில்லை.

"இந்தப் பக்கங்க" என்று பின்னாலிருந்து மனைவி முணுமுணுத்தார்.

"தெரியும்" என்றார் அவர், தெரியாமல்.

கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். சித்தி பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"வீடு பாக்க அழகாத்தான் இருக்கு. எனக்கு வெளிப்படையாப் பேசித்தான் பழக்கம், தப்பா எடுத்துக்காதீங்க. பரீட்சைக் கூடத்துல நான் பேப்பரப் பாக்க மாட்டேன். தோளைப் பாப்பேன். பிட்டு வெச்சிருக்கறவன் தோளு ஒரு தினுசா இருக்கும். உங்க ரெண்டு பேர் தோளும் அப்படித்தான் இருக்கு. கதவத் தூக்கறீங்க, அடுப்ப அடிக்கறீங்க, ஃபிரிட்ஜ உதைக்கறீங்க. இதுல ஏதோ தந்திரம் இருக்கு. எங்க அக்கா பொண்ணு வந்து இங்க திண்டாடக் கூடாது பாருங்க."

மனைவியின் முகத்தில் சிரிப்பு அணைந்தது. கடற்கரை, மலை, ஏரி எல்லாம் அந்தப் பையின் மேல் மடித்து வைத்த இரண்டு கைகளில் இருந்தன.

இன்ஸ்பெக்டருக்கு நெற்றிக் காயத்தைவிட இதுதான் சுருக்கென்றது. சாட்சாத் அவருடைய முறை அது. அதே கண்ணால் அவர் மற்றவர்களை எத்தனை முறை பிடித்திருக்கிறார். "போன வாரம்தான் எல்லாத்தையும் சரி பண்ணோம்" என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. உலகத்துக் கட்டடச் சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரிடம் சொன்னது அதைத்தானே. ஒருவர் பேச்சையாவது அவர் ஏற்றதுண்டா? அந்த நேரத்தில் என்ன செய்வார்? எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, லிஃப்ட்டில் தனியாக ஏறிப் பார்ப்பார்.

தனியாக.

அவர் கை சட்டைப் பையைத் தொட்டது. மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவர். வந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அப்பா வாங்கிய வீடு. ஒரு கணம் அவருக்கு அக்காவின் குரல் காதுக்குள் கேட்டது. ஆனால் மனைவி, அந்தப் புதுக் காலணியோடு, கேள்வி கேட்காமல் உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் கேட்காமல் இருந்தவை எத்தனையோ. கேட்டது இந்த ஒரு வருஷத்தைத்தான்.

எழுந்து நின்று, சாவியை எடுத்துச் சித்தியின் முன்னால் நீட்டினார்.

"நீங்க சொன்னது நியாயம். எங்க கைகாலை நம்பாதீங்க. நாங்க வெளிய போறோம். நீங்க வீட்ல இருங்க. சமைங்க, குளிங்க, எந்தக் கதவ வேணா திறங்க, அலமாரி உள்பட. ஒரு குறை கண்டுபிடிச்சாலும் நாங்க எங்கயும் போகல."

"எல்லா அலமாரியுமா?" என்றார் சித்தி.

"எல்லாமும்தான்."

எதிரே ரொட்டிக் கடை. வாசலில் இரண்டு நாற்காலிகள். இருவரும் காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். எதிர்ச்சாரியில் உட்கார்ந்து தங்கள் ஜன்னலை நிமிர்ந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"நம்ம வீடு இவ்வளவு அழகாவா இருக்கு?" என்றார் மனைவி.

"அழகுக்கு என்ன. உள்ள என்ன நடக்குதோ."

மேலே ஜன்னல் திறந்தது. பிறகு இன்னொன்று. இன்ஸ்பெக்டர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

"மூச்சப் புடிங்க" என்றார் மனைவி. "அசையாதீங்க... விடுங்க."

"விளையாடாதே."

"விளையாடல. எனக்கும் படபடன்னுதான் இருக்கு. கையத் தொட்டுப் பாருங்க. ஆனா நல்லா இருக்குங்க. வெளியூர் வந்து யார் வீட்டையோ பாக்கற மாதிரி இருக்கு. நாம கிளம்பியே ஆச்சுன்னு தோணுது."

அவர் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தார். நடுரோடு என்பது நினைவுக்கு வந்தும் விடவில்லை. அப்போது பார்த்துப் போன் அடித்தது. அக்கா.

"எங்க இருக்கே?"

"எதிர்க் கடையில, காப்பி குடிக்கறோம்."

"ரெண்டு பேருமா? அப்ப வீட்ல யாரு?"

இன்ஸ்பெக்டர் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னாலோ அக்கா அடுத்த பஸ் ஏறி வந்துவிடுவார்.

"சித்தி இருக்காங்க."

"எந்தச் சித்தி? நமக்குத்தான் சித்தியே கிடையாதே."

"இனிமே உண்டு" என்று சொல்லிப் போனை வைத்தார். அக்காவின் பேச்சை அவர் பாதியில் வெட்டியதை அன்றுதான் மனைவி பார்த்தார்.

காப்பி முடிந்தது. இன்னொன்று வாங்கினார்கள். மேலே அசைவே இல்லை. ஜன்னல்கள் திறந்தபடி இருந்தன, திரை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வெயில் சுவரிலிருந்து இறங்கத் தொடங்கியபோது இன்ஸ்பெக்டருக்குப் பொறுக்கவில்லை. மூன்று மாடியையும் ஏறிப் போய், தன் வீட்டு வாசலில் நின்று, மணியை அடித்தார்.

கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. சித்தியின் ஒரு பக்கக் கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது.

"வாங்க, உள்ள வாங்க" என்று அவர்களை அழைத்து உட்காரவைத்துவிட்டு, கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "வெந்நீர்ல குளிச்சேன், டீ போட்டுக் குடிச்சேன். சும்மா கட்டில் எப்படி இருக்குன்னு படுத்துப் பாத்தேன். அசந்து போயிட்டேன் போங்க. எனக்கு அடுத்த வீட்ல தூக்கம் வராது. எங்க அக்கா வீட்லயே வராது."

"அப்ப?" என்றார் மனைவி.

"அப்ப என்ன அப்ப. வீட்ல எந்தக் குறையும் இல்ல. குறையெல்லாம் உங்க ரெண்டு பேர்கிட்டதான். எங்க அக்கா பொண்ணு வரட்டும், நீங்க தாராளமாக் கிளம்புங்க."

மனைவி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சித்தியின் மூக்குக் கண்ணாடி கோணிப்போயிற்று. "எலும்பு, எலும்பு" என்று அவர் கத்த, "எக்ஸ்ரே நான் எடுத்துத் தரேன்" என்றார் மனைவி.

பேச்சும் சிரிப்புமாகக் கிளம்பும்போது, சித்தி சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டார், தன் வீட்டுச் சாவிபோல. "பொண்ணு வர அன்னிக்கு நான்தான் வந்து திறந்துவிடணும். இப்பவே என்கிட்ட இருக்கட்டும்." மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு கணவரைப் பார்த்தார். அவர் சித்தியோடு மாடிப்படி இறங்கினார். கீழ்வீட்டுப் பல் டாக்டர் வாசலில் நின்றிருந்தார்.

"டாக்டர், இவங்களப் பாத்துக்கோங்க. எங்க வீட்டுச் சாவி இவங்ககிட்ட இருக்கும். எப்ப வந்தாலும் ஏன்னு கேக்காதீங்க. எங்க வீட்டு ஆளு."

அவர் திரும்பி மேலே வந்தபோது, மனைவி மற்ற இரண்டு குடும்பங்களுக்கும் செய்தி அனுப்பி, உலகப் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் நேரே படுக்கையறைக்குப் போனார். பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கும் சத்தம் கேட்டது. அதுவரை ஒரு கைக்குட்டையைக்கூட எடுத்துவைக்காத மனிதர்.

"இந்தா, இங்க வாயேன்" என்று கூப்பிட்டார். "அந்தக் கடலோரத்துல இப்ப குளிரா, வெயிலா?"